சகலன்ரை ரயரும் என்ரை வயித்தெரிச்சலும்

பனி வழிக்கிற வேலைக்குப் புதுசா வந்திருக்கிற தம்பிமார், தங்கச்சிமார், கொஞ்சம் இருந்து கேளுங்கோ. குட்டி லோடருக்கு மாரிக்கு என்ன ரயர் போடுறது எண்டு ஆர் என்னட்டை வந்து கேட்டாலும், நான் முதல்ல திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான்: உங்களுக்கு ஆரிலை எரிச்சல்? சிரிக்காதேங்கோ. பிழையான ரயர் வாங்கின ஆக்களைக் கனபேரைப் பாத்திட்டன். பக்கத்து வீட்டுத்தொகுதிக்காரன்ரை மெசினைப் பாத்து, அவனைவிடப் பெரிசாப் போடவேணும் எண்டு வாங்கினவைதான் கூட. எரிச்சல் பிடிச்சவன் நிலத்தைப் பாக்கமாட்டான், மற்றவனைத்தான் பாப்பான். நான் மட்டும் எரிச்சலாலை சரியான ரயரைக் கண்டுபிடிச்சவன். அது எப்பிடியெண்டு சொல்லுறன்.

எனக்கு என்ரை சகலனிலை எரிச்சல். பேர் தேவா. என்ரை மனுசி றஞ்சியின்ரை தங்கச்சியைக் கட்டினவன், என்னைவிட வயசு குறைய. டென்மார்க்கிலை, ஹ்விடோவ்ரே எண்ட ஊரிலை ஒரே வீட்டுத்தொகுதியிலை நானும் அவனும் வேலை. புல்லு வெட்டுறது, குப்பை அறை துப்புரவாக்கிறது, மாரி வந்தால் பனி வழிக்கிறது. அவனை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேத்ததே நான்தான். இதை இப்பவே சொல்லி வைக்கிறன், ஏனெண்டால் வேறை ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

எங்களுக்கு இருந்தது ஒரு லோடர், அதை ஸ்ராட்டாக்க ஒரே ஒரு திறப்பு. திறப்பு ஆரின்ரை பொக்கற்றுக்குள்ளையோ அவர்தான் சாரதி. அவருக்குக் கண்ணாடி அடைச்ச சின்ன அறை, காலடியிலை சூடு, றேடியோ. மற்றவருக்குப் பனி அள்ளுற கைச்சவள், உப்பு வண்டில், ஒழுகிற மூக்கு. கனகாலம் அந்தத் திறப்பு என்னட்டைத்தான் இருந்தது. பிறகு எனக்கு முழங்காலிலை ஒப்பரேசன் செய்தவை. நான் வீட்டிலை கிடந்த நேரம் திறப்பைத் தேவாவிட்டைக் குடுத்தினம். நான் திரும்பி வந்திட்டன், திறப்பு திரும்பி வரேல்லை.

கேட்டிருக்கலாம்தானே எண்டு நினைப்பியள். என்னண்டு கேக்கிறது? சனம் எல்லாம் அவனிலை உயிர். நான் பிழை இல்லாமல் டெனிஸ் கதைப்பன், எனக்கு ஒரு 'ஹை'யோடை சரி. அவன் அரைகுறை டெனிசிலை பகிடி விடுவான், அவனுக்குக் கேக்கும் கோப்பியும். மூண்டாம் மாடியிலை இருக்கிற டெனிஸ் கிழவி ஒராள், நான் மணிக்கணக்கா அவவின்ரை படி வழிச்ச அண்டு, யன்னலைத் திறந்து கேட்டது என்ன தெரியுமே? "இண்டைக்குத் தேவா வரேல்லையோ?" எனக்கு வயிறு பத்தி எரிஞ்சது.

சரி, ரயருக்கு வாறன். ஒரு இலையுதிர் காலத்திலை புது லோடர் வந்திறங்கினது. வரேக்கை புல்லுக்குப் போடுற வழுவழுப்பான ரயரோடைதான் வந்தது. எங்கடை போர்மன் கிர்ஸ்டன் எண்ட மனுசி எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "மாரிக்கு என்ன ரயர் வேணும் எண்டு நீங்கள் ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்கோ" எண்டா. தேவா உடனை போனை எடுத்துக் காட்டினான். வடக்கை, ஸ்கீவ எண்ட ஊர்ப் பக்கம், தோட்டத் தெருவுகளிலை பனி வழிக்கிற அவன்ரை கூட்டாளி ஒருத்தன் அனுப்பின படம். உழவு மெசின் ரயர் மாதிரி, கட்டை கட்டையாப் பல்லு. பாக்க ஒரு கம்பீரம் இருந்தது, அதை நான் மறுக்கேல்லை. கிர்ஸ்டன் படத்தைப் பாத்து, "அடேயப்பா, நல்லாயிருக்கே" எண்ட மாதிரி ஏதோ சொன்னா.

"அது சரிவராது" எண்டன் நான்.

"ஏன் அண்ணை?" எண்டான் தேவா. கோவமே இல்லை, உண்மையா அறியிற ஆசையிலை கேட்டான். அந்த முகத்தைப் பாக்கவே எனக்கு விசர் வந்தது.

ஏனெண்டு எனக்குத் தெரியாது. அவன் கேட்ட ரயர் எண்டபடியாச் சரிவராது, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லேலுமே? "நாளைக்குச் சொல்லுறன்" எண்டிட்டு வெளிக்கிட்டன். முதல்ல எதிர்த்தாச்சு, இனிக் காரணம் தேடவேணும்.

காரணம் தேடி அண்டைக்கு முழு வீட்டுத்தொகுதியையும் நடந்தன். அங்கை கனகாலம் வேலை செய்தவன், ஆனால் அப்பிடி ஒருநாளும் நிலத்தைப் பாத்து நடந்ததில்லை. எங்கடை பாதையள் முக்கால்வாசி சீமெந்துக் கல்லுப் பதிச்சது. கார் விடுற நிலக்கீழ் அறையின்ரை தரை கண்ணாடி மாதிரி மினுக்கினது. பொது மண்டபம் பள்ளத்துக்குள்ளை இருக்கு, அதுக்கு இறங்கிற பாதை ஒரு சரிவு, சரிவின்ரை அடியிலை நேரா மண்டபத்தின்ரை கண்ணாடிக் கதவு. அந்தச் சரிவிலை நிண்டு கனநேரம் யோசிச்சன். ஸ்கீவப் பக்கம் தோட்டத் தெருவிலை காத்து அள்ளிக்கொண்டு வந்து குவிக்கிற பனி இஞ்சை எப்ப விழுந்தது? இஞ்சை கொஞ்சமா விழும், மத்தியானம் பாதி உருகும், பின்னேரம் திரும்ப இறுகும். எங்களுக்குச் சண்டை பனியோடை இல்லை, ஐசோடை.

பிறகு ரயர்க் கடைக்குப் போனன். அங்கை நிண்ட பெடியன் ஆணி ரயரைக் காட்டினான். ஆணி ஐசைப் பிடிக்கும், ஓம், ஆனால் எங்கடை கல்லுப்பாதையைத் திண்டு முடிச்சிடும், நிலக்கீழ் அறையின்ரை வெறுந்தரையிலை வழுக்கும். சங்கிலி சுத்தலாம், ஆனால் பாதைக்குப் பாதை கழட்டிக் கழட்டி ஆர் போடுறது? கடைசியா, மூலையிலை கிடந்த ஒண்டு கண்ணிலை பட்டது. பாக்க ஒரு சந்தமும் இல்லை. பல்லுச் சின்னன், ஒவ்வொரு பல்லிலையும் கத்தியாலை கீறிவிட்ட மாதிரி மெல்லிய வெட்டுகள். பெருவிரலாலை அழுத்திப் பாத்தன், நகம் பதிஞ்சது. பக்கத்திலை நிண்ட கட்டைப் பல்லு ரயரை அழுத்தினன், விரல்தான் நொந்தது. அப்பத்தான் பிடிபட்டது. குளிரிலை றப்பர் இறுகினால், எவ்வளவு பெரிய பல்லு இருந்தும் ஐசிலை நாலு இடத்திலைதான் தொடும். மெத்து றப்பர் எண்டால் முழுக்கப் பதிஞ்சு கிடக்கும். பிள்ளையள், இதை மட்டும் மறக்காதேங்கோ. ரயரைக் கண்ணாலை வாங்காதேங்கோ, பெருவிரலாலை வாங்குங்கோ.

அடுத்தநாள் இதெல்லாத்தையும் கிர்ஸ்டனுக்கு வடிவா விளங்கப்படுத்தினன். தேவா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிய, "அண்ணை சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு" எண்டான். எனக்காக வக்காலத்து வாங்கிறான்! அவன் ஒருக்கா என்னோடை சண்டை பிடிச்சிருந்தால் நான் அண்டைக்குச் சந்தோசமாப் படுத்திருப்பன். கிர்ஸ்டன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்திட்டு, "மெசின் ஓடுறவருக்கு எது வசதியோ அதைப் போடுவம்" எண்டா. ஓடுறவர் எண்டால் ஆர்? திறப்பு வைச்சிருக்கிறவர். கட்டைப் பல்லு ரயர் வந்திட்டுது.

நான் ஒண்டு செய்தன். பழைய லோடரைக் குடுத்தனுப்பேக்கை, அதிலை இருந்த, என்ன ரயர் எண்டு ஒருநாளும் பாக்காமலே நான் இவ்வளவு காலமும் ஓடின மெத்து மாரி ரயர் நாலையும் றிம்மோடை கழட்டி எடுத்து, சைக்கிள் அறையிலை, ஆரும் எடுக்காத பழஞ் சைக்கிளுகளுக்குப் பின்னாலை அடுக்கிவைச்சன். புது லோடரும் அதே கொம்பனி, றிம் பொருந்தும். ஏன் வைச்சனான்? ஒருநாளைக்கு அவன் வந்து என்னட்டைக் கேக்கவேணும் எண்டுதான். வேறை ஒரு நல்ல எண்ணமும் இல்லை.

அந்த மாரி முதல் பனி எப்பிடி விழுந்தது தெரியுமே? எங்கடை பக்கம் கண்டறியாத பனி. முழங்காலளவு. எனக்கு எதிராக் கடவுளும் சேந்திட்டார் எண்டு நினைச்சன். தேவா அந்தக் கட்டைப் பல்லு ரயரோடை வெண்ணெய் வழிக்கிற மாதிரி வழிச்சுக்கொண்டு போறான், ஒரு இடத்திலை சறுக்கினது கிடையாது. உண்மையைச் சொல்லவேணும், ஆழப் பனிக்கு அந்த ரயர் திறம். சனம் யன்னலுக்கை நிண்டு கைதட்டினது. நான் கைச்சவளோடை படியிலை நிக்கிறன். மூண்டாம் மாடிக் கிழவி என்னைத் தாண்டி அவனுக்குக் கைகாட்டினா. வீட்டை வந்தால் றஞ்சி, "தேவா என்ன வடிவா வழிச்சிருக்கிறார், என்ன?" எண்டா. நான் சோத்துக் கோப்பையைத் தள்ளிவைச்சிட்டு எழும்பிட்டன்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்டா.

"பசியில்லை" எண்டன். பசி இருந்தது.

மாசி மாசம் தேவாவின்ரை மூத்த மகளுக்குக் கலியாணம். மத்தியானம் சேர்ச்சிலை ஆசீர்வாதம், அதுமுடிய எங்கடை வீட்டுத்தொகுதி மண்டபத்திலை விருந்து. முதல்நாள் பனி விழுந்து பாதி உருகினது. காலமை எழும்பினால் எல்லாம் ஐஸ். எங்கடை சனத்தைத் தெரியும்தானே. எவ்வளவு குளிர் எண்டாலும் பட்டுச்சீலைக்குத் தடிச்ச குளிர்ச் சப்பாத்துப் போடமாட்டினம். பட்டுக்குக் கீழை மெல்லிய செருப்புத்தான், அதுவும் குதி உயர்ந்தது. டோஸ்ட்ருப்பிலை இருந்தும் ஸ்கீவவிலை இருந்தும் அப்பிடி வரப்போற அவ்வளவு பேரும் அந்தச் சரிவாலைதான் மண்டபத்துக்கு இறங்கவேணும்.

அண்டைக்கு வேலை முறை என்னுடையது. ஆனால் திறப்பு அவனிட்டை. கேட்டுப் போன் எடுத்தன். "அண்ணை, என்ரை பிள்ளை நடக்கிற பாதையை நானே ஒருக்கா வழிச்சுவிடுறன்" எண்டான். கலியாணக் காற்சட்டைக்கு மேலை பழைய யக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்திட்டான். மண்டபத்துக்குள்ளை சோடிச்சுக்கொண்டு நிண்ட பொம்பிளையள், "பாருங்கோவன், தகப்பன் எண்டால் இப்பிடி இருக்கவேணும்" எண்டு உருகினம். என்ரை மகளின்ரை கலியாணத்துக்கு நான் இப்பிடி ஒண்டும் செய்யேல்லை எண்டது உடனை ஞாபகம் வந்தது. அண்டு ஆடி மாசம், பனி இருக்கேல்லை, அது வேறை கதை.

நான் சரிவின்ரை அடியிலை, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்திலை உப்புப் போட்டுக்கொண்டு நிண்டன். தேவா மேலை இருந்து இறங்கத் தொடங்கினான். கொஞ்சத் தூரம் ஒழுங்கா வந்தான். பிறகு காலை எடுத்திருக்கிறான். அந்த மெசினிலை மிதியிலை இருந்து காலை எடுத்தால் சில்லு உடனை நிண்டிடும். சில்லு நிண்டுது, மெசின் நிக்கேல்லை. மெல்ல, சத்தமே இல்லாமல், மூக்கை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பாத்து வருகுது. கதவுக்குப் பின்னாலை கதிரையிலை ஏறி நிண்டு பூச்சரம் கட்டிக்கொண்டு நிக்கிறது என்ரை மனுசி.

அவன்ரை முகம் தெரிஞ்சது. பிரேக்கை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான். பயந்தவன் எல்லாம் அதைத்தான் செய்வான். நிண்ட சில்லை இன்னும் நிப்பாட்டி என்ன பிரியோசனம்?

"தேவா! தகட்டை இறக்கு! தகட்டை அமத்து!" எண்டு குழறினன்.

அவன் என்ரை வாயைப் பாத்தான். யோசிக்கேல்லை, ஏனெண்டு கேக்கேல்லை, பனி வழிக்கிற தகட்டைப் படார் எண்டு நிலத்திலை இறக்கி அமத்தினான். தகடு ஐசுக்குள்ளை இறங்கி, கிறீச் எண்டு இழுபட்டுக்கொண்டு வந்து, கதவுக்கு ஒரு கதிரை தூரத்திலை நிண்டுது. உள்ளுக்கை றஞ்சி பூச்சரத்தைப் பிடிச்சபடி அப்பிடியே நிக்கிறா. கொஞ்ச நேரம் போகத்தான் நினைச்சன், அட, மாரி முழுக்க இப்பிடி ஒண்டு நடக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், நடக்க வெளிக்கிடேக்கை நானே நிப்பாட்டிப் போட்டன்.

இதுவும் ரயர்ப் பாடம்தான், பிள்ளையள். ரயர் பிடியை விட்டால் ரயரிலை நம்பிக்கை வையாதேங்கோ. கையிலை வேறை என்ன இருக்கெண்டு பாருங்கோ.

தேவா இறங்கி வந்தான். முகம் வெள்ளைப் பேப்பர். கொஞ்ச நேரத்திலை அவன் சேர்ச்சிலை நிக்கவேணும், மகளின்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும். சரிவு அப்பிடியே ஐசாக் கிடக்குது. மெசினாலை ஏறேலாது.

"அண்ணை," எண்டான், "சைக்கிள் அறையிலை அடுக்கி வைச்சிருக்கிற ரயரைப் போடுவமே?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பவே கண்டனான். தேவையாத்தான் அண்ணை வைச்சிருப்பார் எண்டு விட்டிட்டன்."

அவன் கண்டிருக்கிறான். கிர்ஸ்டனிட்டைச் சொல்லேல்லை, ஆரிட்டையும் சொல்லிச் சிரிக்கேல்லை, நான் வைச்சது வைச்சபடி கிடக்க விட்டிருக்கிறான். நான் அவனுக்கு எதிரா ஒளிச்சதை அவனே எனக்காகக் காவல் காத்திருக்கிறான். இப்பிடி ஒருத்தனோடை என்னண்டு சண்டை பிடிக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்.

மண்ணைப் போட்டு நிலத்தைச் சரிப்படுத்தி, ரெண்டு பேருமாச் சில்லு நாலையும் மாத்தினம். அவன்ரை கலியாணக் காற்சட்டை முழங்காலடியிலை கறுத்துப் போச்சு. "போ, நேரமாச்சு, போ" எண்டு கலைச்சன். அவன் திறப்பை என்ரை கையிலை வைச்சிட்டு ஓடினான். நான் ஏறிக் குந்தினன். கீழை இருந்து மேலை, மெல்ல மெல்ல. அந்தப் பழைய ரயர் தேஞ்சதுதான், ஆனால் ஐசிலை பூனை நடக்கிற மாதிரிப் போச்சுது. ஒருக்காலும் சில்லு வெறுமனே சுத்தேல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கல்லுத் தெரியுமட்டும் வழிச்சு மண் தூவி முடிக்க ஆசீர்வாதமும் முடிஞ்சுது. நான் சேர்ச்சுக்குப் போகேல்லை.

சனம் வந்தது. பட்டுச்சீலை, மெல்லிய செருப்பு, கையிலை பரிசு. ஒராள் சறுக்கேல்லை. ஒராளும் நிலத்தைப் பாக்கவுமில்லை. நல்லா வழிச்ச பாதை எண்டால் அதுதான் அடையாளம், ஆரும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டினம். எனக்கு அது போதும் எண்டு சொல்ல ஆசைதான், ஆனால் போதேல்லை. ஆர் வழிச்சதெண்டு ஒராளாவது கேப்பினமெண்டு கதவடியிலை நிண்டுகொண்டே இருந்தன்.

விருந்திலை தேவா மைக்கைப் பிடிச்சான். நன்றியுரை. சொந்தம் பந்தம் எல்லாருக்கும் சொல்லி முடிச்சிட்டு, "இண்டைக்கு நீங்கள் எல்லாரும் கால் முறியாமல் வந்து இருக்கிறியள் எண்டால் அது என்ரை சகலன் அண்ணையாலை. நான் பிழையான ரயர் போட்டனான். அவர் முதலே சொன்னவர், நான் கேக்கேல்லை" எண்டான். என்னை மேடைக்குக் கூப்பிட்டான். செம்மஞ்சள் வேலை யக்கெற்றோடை போய் நிண்டன். அவன் கோட்டும் சூட்டும். காற்சட்டைக் கறையும் அவனுக்கு ஒரு வடிவாத்தான் இருந்தது. மண்டபம் முழுக்கக் கைதட்டினது.

இறங்கி வர என்ரை காதிலை விழுந்தது என்ன தெரியுமே? "என்ன பெரிய மனசு பாருங்கோ தேவாவுக்கு!" எண்டு ஒருத்தி. "மைக்கிலை நிண்டு தன்ரை பிழையை ஒத்துக்கொள்ள எத்தினை பேருக்கு வரும்?" எண்டு மற்றவ. றஞ்சியின்ரை கண் கலங்கிப் போய்க் கிடந்தது, அவனைப் பாத்து. ரயரைக் கண்டுபிடிச்சது நான், மெசினை நிப்பாட்டினது நான், பாதை வழிச்சது நான். பேர் அவனுக்கு.

திங்கக்கிழமை வேலைக்குப் போக, கிர்ஸ்டனுக்கு முன்னாலை, "இனித் திறப்பு அண்ணையிட்டைத்தான் இருக்கவேணும்" எண்டு நடந்ததெல்லாத்தையும் சொன்னான். என்ரை பொக்கற்றிலை கிடந்ததைத் திருப்பி வாங்கி, பிறகு ரெண்டு கையாலும் எனக்குத் தந்தான். கிர்ஸ்டன் கைதட்டினா, அறையிலை நிண்ட மற்றவையும் தட்டினவை. நான் நன்றி எண்டன். மெத்து ரயர் புதுசா வந்தது. அதுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாரியும் அந்தச் சூட்டு அறைக்குள்ளை இருந்துதான் வழிச்சன், தேவா வெளியிலை கைச்சவளோடை நிண்டான். யன்னலுகளிலை இருந்து அவனுக்குத்தான் கைகாட்டினம்.

ரயர் தெரிவு செய்யிறதைப் பற்றிக் கேட்டியள், சொல்லிப்போட்டன். உங்கடை நிலத்தை நடந்து பாருங்கோ, பெருவிரலாலை அழுத்திப் பாருங்கோ, எங்கை சரிவு, அதின்ரை அடியிலை என்ன இருக்கெண்டு பாருங்கோ. எரிச்சல் இருந்தால் இருக்கட்டும். என்னை நடக்க வைச்சதே அதுதான். அது வேலை பழக்கும், ஆனால் சம்பளமா ஒண்டும் தராது.

போன வருசம் நான் ஓய்வு எடுத்தன். கடைசி நாள் கேக் வெட்டினவை. நான் கனநாளா நினைச்சு வைச்சிருந்த மாதிரி, எல்லாருக்கும் முன்னாலை தேவாவைக் கூப்பிட்டு, லோடர்த் திறப்பை ரெண்டு கையாலும் அவனிட்டைக் குடுத்தன், அவன் எனக்குத் தந்த மாதிரியே.

ஒருத்தரும் கைதட்டேல்லை. தேவா மட்டும்தான் தட்டினான். அப்பவும் எல்லாரும் அவனைத்தான் பாத்தவை.